கதிரையில் இருந்தபடி பறக்கும்போது உடம்புக்கு என்ன நடக்கிறது?



சென்ற மாதம் ஒலிபரப்பான இந்தப் பேச்சை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். வானொலியில் நேரம் போதாமல் விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஒரு கணக்குப் பொருந்தாவிட்டால் அது ஏன் பொருந்தவில்லை என்று தேடாமல் விட எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் அப்படிப் பொருந்தாமல் நின்றது. அதைத் தேடிப் போனபோது அறிந்துகொண்டவையே இவை.

எனது மகனின் அறையில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. பெரிய வளைந்த திரை, கையால் பிடித்துத் திருப்பும் பிடி, காலால் மிதிக்கும் பெடல்கள், நல்ல ஒலிபெருக்கிகள். மென்பொருள், 2020இல் வெளிவந்த மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அதற்குள் அமைத்திருக்கிறார்கள். நீங்கள் பிறந்த ஊரும் அதற்குள் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகன் எனது மாமியிடம், "அம்மம்மா, உங்கட ஊருக்குப் பறப்பமா?" என்று கேட்டான். மாமிக்கு வயது 78. மயிலிட்டிப் பக்கம். 1990 ஜூன் மாதத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகிப் போனதும், மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டதும் உங்களில் பலருக்குத் தெரியும். அதன் பிறகும் மாமியால் போய்ப் பார்க்க முடியவில்லை. முழங்கால் நோவோடு அவ்வளவு தூரம் விமானத்தில் இருக்க இயலாது. ஆகவே பேரன் கேட்டதும் மறுக்காமல் போய் இருந்தார்.

பலாலி ஓடுபாதையில் இருந்து ஒரு சிறிய செஸ்னா விமானம் கிளம்பியது. கிளம்பும்போதே மாமியின் வலது கால் நிலத்தை அழுத்தத் தொடங்கியதைக் கண்டேன். விமானம் சரிந்தபோது அவரும் சரிந்தார். கடற்கரை தெரிந்ததும் முகம் மலர்ந்தது. ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு வீடு இருந்த இடத்தைத் தேடி மகன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தான். மாமி பேச்சைக் குறைத்தார். கொட்டாவி விட்டார். நெற்றி வியர்த்தது. அதைக் கவனிக்காத மகன், "கிட்டப் போய்ப் பாப்பம்" என்று சொல்லி விமானத்தின் மூக்கைக் கீழே சரித்தான். இயந்திரத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டு வந்தது. மாமி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்.

"காணும் அப்பு, இறக்கு" என்றார். அதன் பின் குளியலறைக்குப் போய்ச் சத்தி எடுத்தார். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை.

வீட்டில் மூன்று விதமான விளக்கம். ஊரைக் கண்ட துக்கம் என்றேன் நான். வயது போனவர்களைத் திரைக்கு முன்னால் இருத்தினால் இப்படித்தான், பஸ்ஸில் தலை சுற்றுவது போல என்றார் எனது மனைவி. மகனுக்கோ, வெறும் படத்தைப் பார்த்து ஏன் உடம்பு இப்படிச் செய்கிறது என்பது விளங்கவேயில்லை. தேடிப் பார்த்ததில் மூவர் சொன்னதிலும் சிறிதளவு உண்மை இருந்தது. மூன்று வேறு செலவுகளை ஒரே தலைப்பின் கீழ் எழுதியதே எங்கள் பிழை. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

காதுக்குள் இருக்கும் கருவி

நாம் அசைகிறோமா இல்லையா என்பதை மூளைக்குச் சொல்லும் முக்கிய உறுப்பு உட்செவி. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த இவற்றுக்குள் திரவம் நிறைந்திருக்கிறது. தலையைத் திருப்பினால் திரவம் சற்றுப் பிந்தும். அந்தப் பிந்துகையே 'திரும்புகிறாய்' என்ற செய்தியாக மூளைக்குப் போகிறது. இவற்றோடு சேர்ந்து இரண்டு சிறிய பைகளும் உள்ளன. அவற்றில் பதிந்திருக்கும் நுண்ணிய கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள், நேர்கோட்டில் வேகம் கூடுவதையும் குறைவதையும் தலையின் சரிவையும் சொல்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காது வேகத்தை அறியாது, வேகம் மாறுவதை மட்டுமே அறியும். பாடசாலையில் படித்த ஆர்முடுகலும் அமர்முடுகலும்தான் அதற்குத் தெரிந்த கணக்கு. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும் விமானத்தில் தேநீர் குடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் இருக்கிறோம் அல்லவா? காரணம் இதுதான். அதேபோல ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து இருபது விநாடிகளில் கால்வாய்த் திரவம் தலையோடு ஒத்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது நாம் திரும்பவில்லை என்றே காது சொல்லும்.

இந்தக் குறைபாடு உயிரையும் வாங்கக்கூடியது. 1999 ஜூலை 16ஆம் திகதி இரவு, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மகன் ஓட்டிச் சென்ற சிறு விமானம், மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. அவரோடு மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தனர். மங்கலான இரவில், கடலின் மேல், அடிவானம் கண்ணுக்குத் தெரியாத நிலையில் விமானி திசை நிலை உணர்வை இழந்ததே காரணமாகலாம் என்று விசாரணை முடிவு சொன்னது. உன் உடம்பை நம்பாதே, கருவியை நம்பு என்று விமானிகளுக்கு மீண்டும் மீண்டும் படிப்பிப்பது இதனால்தான்.

கண் செய்யும் வேலை

காதை மட்டும் நம்பி மூளை முடிவெடுப்பதில்லை. கண்ணையும் கேட்கிறது. பிளிண்டர்ஸ் ஸ்ரீட் ஸ்டேஷனில் ரயிலுக்குள் இருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில் மெல்ல நகர்ந்தால், நமது ரயில்தான் புறப்பட்டுவிட்டது என்று ஒரு கணம் நினைக்கிறோம். ஒஸ்திரிய அறிஞர் ஏர்ன்ஸ்ற் மாக் இந்த மாயையை 1875இலேயே எழுதியிருக்கிறார். கண்ணின் பார்வைப் பரப்பு முழுவதும் ஒரே திசையில் நகர்ந்தால், நகர்வது உலகம் அல்ல, நானே என்று மூளை முடிவு செய்துவிடும். பார்வையின் ஓரங்கள் வரை படம் பரவியிருந்தால் இந்த மாயை இன்னும் பலமாகும்.

பழைய சிறிய கணினித் திரையில் விமானம் ஓட்டியபோது யாருக்கும் இவ்வளவு தலை சுற்றியதில்லை. 1982இல் இதே விளையாட்டின் முதற் பதிப்பு வந்தபோது நிலமென்பது சில கோடுகள்தான். இன்று திரை வளைந்து இரு பக்கமும் சூழ்கிறது. முகத்தில் அணியும் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தாலோ, தலையை எங்கே திருப்பினாலும் அந்த உலகமே இருக்கிறது. வெளியே அறை ஒன்று உண்டு என்பதற்கான சாட்சியமே கண்ணுக்கு இல்லை.

காற்றுத் துருத்தியில் தொடங்கிய கதை

சிமுலேட்டர் என்ற இயந்திரம் விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்ரன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் ஓர்கன், பியானோ செய்யும் தொழிலில் இருந்தது. ஓர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டு, 1929 அளவில் அவர் நிலத்தில் இருந்தபடியே சரிந்து திரும்பும் ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். முதலில் அதைப் பெரிதாக வாங்கியவை களியாட்டப் பூங்காக்கள்தான். 1934இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு தபால் எடுத்துச் செல்லும் வேலையை ஏற்றது. மோசமான காலநிலையில் பல விமானிகள் இறந்த பின்னரே, லிங்கின் இயந்திரங்கள் ஆறு வாங்கப்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானிகள் பெருந்தொகையாகப் பயிற்சி பெற்றது இந்த இயந்திரத்தில்தான்.

இன்று பெரிய விமான நிறுவனங்களின் பயிற்சிச் சிமுலேட்டர்கள் நீண்டு சுருங்கும் ஆறு கால்களின் மேல் நிற்கின்றன. அந்த அமைப்பைப் பற்றி ஸ்ருவேட் என்பவர் 1965இல் எழுதிய கட்டுரை பிரசித்தம். ஆனால் ஒரு மண்டபத்துக்குள் நிற்கும் பெட்டியால் ஓடுபாதையில் கிலோமீற்றர்க் கணக்கில் ஓடிக் காட்ட முடியாதே! அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பெட்டியை முன்பக்கம் சற்றுத் தள்ளிவிட்டு, பிறகு மெதுவாகப் பின்னுக்குச் சரிப்பார்கள். விநாடிக்கு இரண்டு மூன்று பாகைக்குக் குறைவாகச் சரித்தால் கால்வாய்களுக்கு அது தெரியாது. முதுகு இருக்கையில் அழுந்தும். திரையில் அடிவானம் சரியாமல் இருக்கும். புவியீர்ப்பு முதுகை அழுத்துவதை, விமானம் வேகமெடுக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். காதின் குறைபாட்டையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டுச் சிமுலேட்டரில் இது ஒன்றும் இல்லை. கதிரை அசையாது. அங்கேதான் முதற் சிக்கல் தொடங்குகிறது.

முதற் தலைப்பு: கணக்குப் பொருந்தாமை

திரை 'சரிகிறாய், திரும்புகிறாய்' என்கிறது. காது 'நீ கதிரையில் சும்மா இருக்கிறாய்' என்கிறது. வங்கிப் புத்தகம் ஒரு தொகை, நமது கணக்குப் புத்தகம் வேறொரு தொகை. மூளையால் இரண்டையும் சரிக்கட்ட முடியவில்லை. இந்தப் பொருத்தமின்மையே குமட்டலுக்கும் தலைச்சுற்றுக்கும் காரணம் என்ற விளக்கத்தைத்தான் இன்று பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970களில் இதை விரிவாக எழுதினார். பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் சத்தி வருவது இதன் மறுபக்கம்: அங்கே காது அசைகிறது, கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது.

இதற்கு ஏன் வயிறு தண்டனை அனுபவிக்க வேண்டும்? 1977இல் றீஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தைச் சொன்னார். ஆதி மனிதனுக்குக் கண்ணும் காதும் முரண்படுவது பெரும்பாலும் நஞ்சு உண்டபோதுதான். ஆகவே மூளை, தின்றதை வெளியே தள்ளு என்று கட்டளையிடுகிறது என்பது அவரது ஊகம். நிரூபிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் காரணம் ஒன்று இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வைக்கிறது. உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றாகச் செயலிழந்தவர்களுக்குக் கடல் நோய் வருவதில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்த விடயம். சாட்சி ஒருவர் வாய் திறக்காவிட்டால் முரண்பாடும் இல்லை.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகொப்டர் பயிற்சிச் சிமுலேட்டர் ஒன்றில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவாகியது. அங்கே மாணவர்களைவிட, உண்மையான ஹெலிகொப்டரில் அனுபவம் மிகுந்த பயிற்றுநர்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். உடம்பு எவ்வளவு உண்மையைப் பழகியிருக்கிறதோ, அவ்வளவுக்குப் போலியைக் கண்டுபிடிக்கிறது போலும். இதை அளப்பதற்காக 1993இல் கென்னடியும் கூட்டாளிகளும் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். அதில் 16 அறிகுறிகள், மூன்று பிரிவுகள்: குமட்டல் சார்ந்தவை, கண் நோவு மங்கல் சார்ந்தவை, தலைச்சுற்றும் தடுமாற்றமும் சார்ந்தவை. இன்றும் அது பாவனையில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையைப் பார்ப்போம். நேராகப் பறந்த ஐந்து நிமிடம் மாமிக்கு ஒன்றுமில்லை. வட்டமடிக்கத் தொடங்கியதும் கொட்டாவி, வியர்வை, பேச்சுக் குறைவு. இவை குமட்டலுக்கு முந்திய அறிகுறிகள், எங்களுக்குத்தான் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மகனுக்கு ஏன் ஒன்றும் இல்லை? பிடியைக் கையில் வைத்திருப்பவன் அவன். அடுத்த கணம் எந்தப் பக்கம் சரியும் என்று அவனது மூளைக்கு முன்கூட்டியே தெரியும். மலைப் பாதையில் சாரதிக்குத் தலை சுற்றாது, பின்னால் இருப்பவர்களுக்கே சுற்றும். தவிர, கார் ஓட்டும் சிமுலேட்டர்களில் செய்த ஆய்வுகளில் வயதானவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுவது பல தடவை காணப்பட்டிருக்கிறது. ஆக, மனைவி சொன்னதில் பாதி சரி.

இரண்டாம் தலைப்பு: உடம்பு நம்பிவிடுதல்

ஆனால் விமானம் கிளம்பும்போதே கால் நிலத்தை அழுத்தியதே, அது குமட்டல் அல்லவே. அது மூழ்கிப்போதல். மனம் 'இது படம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது உடம்பு தன் பாட்டில் நம்பிவிடுகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் செய்து 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். கண்ணாடிப் பெட்டியை அணிந்தவர்களுக்கு, அறையின் நடுவில் ஆழமான குழி ஒன்று காட்டப்பட்டது. எல்லோருக்கும் அது பொய்க் குழி என்று தெரியும். அப்படியிருந்தும் குழியின் ஓரத்துக்குப் போனதும் இதயத் துடிப்பு ஏறியது. பிறகு உண்மைத் தரையில் ஒன்றரை அங்குல உயரமான ஒரு பலகையை வைத்து, அதன் விளிம்பு கால்விரலுக்குத் தட்டுப்படும்படி செய்தார்கள். துடிப்பு இன்னும் ஏறியது. அந்த அற்ப உயரப் பலகை உடம்புக்குப் பெருஞ் சாட்சியாகிவிட்டது.

மெல் ஸ்லேற்றர் என்ற ஆய்வாளர் 2009இல் இதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, 'நான் அந்த இடத்தில் இருக்கிறேன்' என்ற உணர்வு. மற்றது, 'நடப்பது உண்மையாகவே நடக்கிறது' என்ற உணர்வு. முதலாவதைத் திரையும் ஒலியும் தருகின்றன. இரண்டாவதற்கோ, பார்ப்பவர் தன்னோடு கொண்டுவரும் அறிவும் அனுபவமும் மிக முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருமறியாத பனிமலையின் மேல் பறப்பதும், குளித்த கிணறு இருந்த காணியின் மேல் பறப்பதும் ஒன்றாகுமா? ஒரே இயந்திரம் இருவருக்கு ஒரே அளவு உண்மையாக இருக்காது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. தரையிறக்கும்போது மகன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான், உள்ளங்கை வியர்க்கிறது. உண்மையான விமானிகளுக்கும் தரையிறக்கும் நேரத்தில் இதயத் துடிப்பு உயர்வது அளக்கப்பட்ட உண்மை. விளையாட்டின் சந்தோசமும் பயிற்சியின் பயனும் இதில்தான் இருக்கின்றன.

மூன்றாம் தலைப்பு: சத்தத்தின் ஞாபகம்

இனி, மாமி தலையை மூடிக் குனிந்த கணத்துக்கு வருவோம். அதற்குக் காதின் திரவமும் காரணமல்ல, திரையின் அகலமும் காரணமல்ல. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலேயிருந்து ஓர் இயந்திரம் இரைந்துகொண்டு பதிந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த உடம்பு ஊரில் படித்துவைத்திருக்கிறது. பொம்மர் வருகிறது என்றால் யோசிப்பதற்கு நேரமில்லை. பங்கருக்குள் குதிக்க வேண்டும், அல்லது இருந்த இடத்தில் குப்புறப் படுக்க வேண்டும். யோசித்தவர்களைவிட யோசிக்காமல் படுத்தவர்களே தப்பினார்கள். உயிரைக் காப்பாற்றிய பாடத்தை உடம்பு மறப்பதில்லை. மூளையின் ஆழத்தில் அபாயத்தை மணக்கும் பகுதி, 'இது மெல்பேர்ணில் பேரனின் அறை' என்று அறிவு சொல்லி முடிப்பதற்கு முன்பே கட்டளையைக் கொடுத்துவிடுகிறது.

இதற்குப் படமே தேவையில்லை என்பதை எனது பிழையால் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நினைவு நிகழ்ச்சிக்காக நான் தயாரித்த உரைச்சித்திரத்தில், தத்ரூபமாக இருக்கட்டும் என்று தாழப் பறக்கும் ஜெற் விமானத்தின் சத்தத்தைச் சேர்த்தேன். முன்னறிவித்தல் எதுவும் செய்யவில்லை. நிகழ்ச்சி முடிய முன்னரே ஒரு சகோதரி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். காரை வீதியோரம் நிறுத்திவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். "அண்ணை, பிள்ளையள் பின் சீற்றில இருக்கினம். நான் ஸ்டியரிங்கை விட்டிட்டன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனது நிகழ்ச்சிகளில் அந்தச் சத்தம் இல்லை. ஆனால் அதே சத்தம் நல்ல ஒலிபெருக்கிகளில் என் சொந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் கேட்கிறது என்பதை நான் ஒருபோதும் யோசிக்கவில்லை.

இதே தொழில்நுட்பம் மருந்தாகவும் பயன்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அட்லாண்டாவில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியில் ஹெலிகொப்டர்ப் பறப்பையும் போர்க்களத்தையும் காட்டிச் சிகிச்சை செய்தார்கள். விமானத்தில் ஏறப் பயப்படுபவர்களுக்கும் அதே முறை பயன்பட்டது. ஆனால் அங்கே பக்கத்தில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இருந்தார். எவ்வளவு, எப்போது, எங்கே நிறுத்துவது என்பதை நோயாளியோடு பேசி முடிவு செய்தார். நாங்கள் வீட்டில், 'பார்த்துப் பார்த்துப் பழகிவிடும்' என்று செய்யக்கூடிய காரியம் அல்ல இது.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

பொதுவாக நான் விளங்கிக்கொண்டது இது. பொருந்தாமையால் வரும் குமட்டல் படிப்படியாக ஏறும். கொட்டாவி, வெளிறிய முகம், வாயில் உமிழ்நீர், குளிர் வியர்வை, ஓங்காளம். கண்ணை மூடினால் அல்லது திரையை நிறுத்தினால் மெல்லக் குறையும். ஞாபகத்தால் வரும் பதற்றமோ ஒரு சத்தத்தோடு அல்லது ஒரு காட்சியோடு சடுதியாக வரும். நெஞ்சு படபடக்கும், உடம்பு விறைக்கும், திரையை நிறுத்தினாலும் தொடரும். இரவில் நித்திரையைக் குழப்பும். மாமிக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் நாங்கள் குழம்பிப் போனோம்.

முதலாவதற்குச் செய்யக்கூடியவை எளிது. ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தாங்கிக்கொண்டு தொடர்வதால் பழகாது, கூடும். நாள் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகப் பார்த்தாலே பலருக்கு உடம்பு பழகுகிறது. திரையிலிருந்து சற்றுத் தள்ளி இருங்கள், அறையில் வெளிச்சமும் காற்றும் இருக்கட்டும். விமானத்தின் உள்பக்கச் சட்டங்கள் தெரியும் காட்சியை வையுங்கள், அசையாத ஒன்று கண்ணுக்கு ஆதாரமாக இருக்கும். கூர்மையாக வட்டமடிக்க வேண்டாம். படம் விட்டு விட்டு ஓடினால் நிறுத்திவிடுங்கள். தலை சுற்றினால் எழும்பி நின்று தூரத்தில் உள்ள ஒன்றைப் பாருங்கள். முக்கியமாக, தடுமாற்றம் முற்றாகத் தீரும்வரை கார் ஓட்ட வேண்டாம். சில நாட்டு இராணுவங்களில், சிமுலேட்டரிலிருந்து இறங்கிய விமானியைக் குறிப்பிட்ட நேரம் கழியும்வரை உண்மை விமானத்தில் ஏற விடுவதில்லை. வலிப்பு நோயோ காதின் சமநிலைக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள்.

இரண்டாவதற்கு முதல் மருந்து, கேட்டுவிட்டுச் செய்வது. சத்தத்தை நிறுத்தலாமா என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஹெட்செட் போட்டு விளையாடச் சொல்லுங்கள், குறிப்பாகச் சண்டை விமான விளையாட்டுகளை. ஏன் என்று அவர்களுக்கு விளக்குங்கள். எனது மகன் அன்றுவரை இதை அறிந்திருக்கவில்லை, அறியச் செய்யாதது நான். நித்திரையின்மையும் பதற்றமும் நாட்கணக்கில் தொடர்ந்தால் அதைப் 'பழைய கதை' என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அகதிகளாக வந்தவர்களுக்கான ஆலோசனை நிலையங்கள் ஒஸ்ரேலியாவின் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கின்றன. போவதில் வெட்கம் இல்லை.

கடைசியாக ஒன்று

மூன்று கிழமைக்குப் பின் மாமியே பேரனிடம் கேட்டார். "அப்பு, அண்டைக்கு வடிவாப் பாக்கேல்லை. சத்தமில்லாமல் ஒருக்காக் காட்டுவியோ?"

இம்முறை ஒலி முழுதாக நிறுத்தப்பட்டது. யன்னல் திறந்திருந்தது. வட்டமடிப்பு இல்லை. கடல் பக்கமிருந்து ஒரே உயரத்தில், ஒரே நேராக, ஆறுதலாக வந்தான். வேண்டாம் என்றால் கையை உயர்த்துங்கோ, உடனே நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தான். மாமி கை உயர்த்தவில்லை. துறைமுகத்தைச் சரியாகக் காட்டினார். வீதியைப் பிடித்துக்கொண்டு விரலால் வந்தார். காணி இருந்த இடத்தில் ஓட்டுக் கூரையோடு ஒரு வீடு தெரிந்தது.

"இது எங்கட வீடு இல்லை" என்றார் மாமி.

மகன் விளக்கினான். அந்த மென்பொருள் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, 'இங்கே ஒரு கட்டடம் இருக்கலாம்' என்று தானே ஊகித்து, தன்னிடம் இருக்கும் மாதிரி வீடுகளில் ஒன்றை அங்கே வைக்கிறது. எல்லா இடத்திலும் உண்மை வீடு கிடையாது. அங்கே இப்போது வீடு இருக்கிறதா, மதிலா, வெறும் பற்றையா என்பதை அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் வீடுகளிலும் முதியவர்களுக்கு ஊரைக் காட்டும்போது இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாத வீட்டைக் கண்டு சந்தோசப்படுவதும், இருக்கும் வீட்டைக் காணாமல் துக்கப்படுவதும் இரண்டுமே வீண்.

மாமி சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அவங்களுக்கு எழுதிப் போடு. கிணறு வீட்டுக்குக் கிழக்கால, வேம்பு படலையடியில எண்டு" என்றார். மகன் சிரித்துவிட்டு ஒரு தாளில் உண்மையாகவே குறித்துக்கொண்டான். அன்று மாமிக்குச் சத்தி வரவில்லை. இரவு நித்திரையும் கொண்டார்.

அந்தத் தாள் இப்போது மகனின் மேசையில் இருக்கிறது. வேம்பு, கிணறு, மாட்டுக் கொட்டில், பக்கத்துக் காணிக்காரரின் பெயர் என்று ஒவ்வொரு ஞாயிறும் அதில் ஏதாவது கூடுகிறது.